வீணானாலும் பரவாயில்லை

என் அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாள். அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து, வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்த வருடம் அது. வீட்டில் இன்னொரு ஆள் சம்பாதித்தே ஆக வேண்டியிருந்தது. நான் அவளுக்கு நாலு வயது இளையவன், அதனால் தப்பித்தேன். பட்டம் வாங்கினேன், அலுவலக வேலைக்குப் போனேன். அவள் தையல் கூடத்தில் பீஸ் கணக்கில் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே அடுப்படியில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேர். இருபது வருடம் கழித்து எங்கள் இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் பக்கத்தில் வைத்தால், கூடப் பிறந்தவர்கள் வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காசும் படிப்பும் சாப்பாட்டை எப்படி மாற்றுகின்றன என்று பேச்சு வந்தால் வழக்கமாக இரண்டு பதில்தான் கேட்கிறேன். காசில்லாதவர்களால் நல்லதாக வாங்க முடியாது என்பது ஒன்று. அவர்களுக்கு விவரம் பத்தாது என்பது இன்னொன்று. இரண்டையும் வெவ்வேறு காலத்தில் நானே நம்பியிருக்கிறேன். இரண்டாவதை அக்காவின் முகத்துக்கு நேராகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு பீட்ரூட் கதை. எனக்கு ஏழு வயது இருக்கும். அம்மா ஒரு நாள் புதிதாகப் பீட்ரூட் வாங்கி வந்தாள். யாரோ ரத்தம் ஊறும் என்று சொல்லியிருக்கிறார்கள். சீவி, பொடியாக நறுக்கி, வேகவைத்து வைத்தாள். அவள் விரல் நுனியெல்லாம் சிவப்பு. நான் ஒரு வாய் வைத்துத் துப்பினேன். அக்கா துப்பவில்லை, தட்டின் ஓரமாகத் தள்ளிவைத்தாள். அப்பா மண் வாசனை அடிக்கிறது என்றார். அம்மா யாரையும் திட்டவில்லை. எங்கள் மூன்று தட்டிலிருந்தும் அதை வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் பீட்ரூட் வந்ததே இல்லை.

எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் அந்த ராத்திரியின் கணக்கு புரிந்தது. ஒரு புதுச் சுவையைச் சின்னக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை அதை வாயில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று குழந்தை உணவு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அப்படியென்றால் முதல் பத்துத் தடவை வாங்குவது பெரும்பாலும் குப்பைக்குப் போகும். என் மனைவி பொறுமையாக அதைச் செய்தாள். இன்று துப்பினால் நாளை, நாளை துப்பினால் அடுத்த வாரம். இப்போது எங்கள் பையன் பீட்ரூட் சாப்பிடுகிறான். கேட்பவர்களிடம் 'பழக்கப்படுத்தினால் எல்லாம் சாப்பிடுவார்கள்' என்று பெருமையாகச் சொல்கிறோம். பழக்கப்படுத்துவதற்கு நாங்கள் கொட்டிய காய்க்கு யார் காசு கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் அம்மாவால் ஒரே ஒரு முறைதான் தோற்க முடிந்தது. அதனால் அவள் எது சத்து என்று பார்த்து வாங்கவில்லை, எது நிச்சயம் காலியாகும் என்று பார்த்து வாங்கினாள். தானியம், எண்ணெய், சர்க்கரை, உருளைக்கிழங்கு. இவற்றை எந்தப் பிள்ளையும் துப்பாது.

வருமானம் சாப்பாட்டில் என்ன செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரடியான பதில் இதுதான்: வீணானால் வீணாகட்டும் என்று சொல்லும் தைரியத்தை அது கொடுக்கிறது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

இதன் இன்னொரு பக்கம் வெறும் கூட்டல் கழித்தல். வேலை செய்கிற ஒரு உடம்புக்கு முதலில் வேண்டியது கலோரி. 500 கலோரி வேண்டுமென்றால் நாலு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். சர்க்கரையென்றால் 125 கிராம். பிஸ்கட் என்றால் 100 கிராமுக்குக் கொஞ்சம் கூட. முட்டையென்றால் ஏழு. கீரையில் அதே 500 கலோரியை எடுக்க இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும். கையில் இருப்பது கொஞ்சம் காசு, நிரம்ப வேண்டியது ஐந்து வயிறு என்றால், அந்தப் பட்டியலில் எந்தப் பக்கம் கை போகும் என்பதற்குப் படிப்பு தேவையில்லை. கீரையின் இரும்பும் ஃபோலேட் என்ற வைட்டமினும் அடுத்த வேளைப் பசிக்குப் பதில் சொல்லாது. அமெரிக்காவில் ஆடம் ட்ரெவ்னோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இந்தக் கணக்கை 2004-லேயே எழுதிவைத்தார்: கொழுப்பும் சர்க்கரையும் மாவும் சேர்ந்த பண்டங்கள்தான் ஒரு கலோரிக்கு ஆகும் செலவில் மலிவு, ஏழ்மையும் உடல் பருமனும் ஒரே வீட்டில் குடியிருப்பது அதனால்தான் என்று.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1936-இல் ஜான் பாய்ட் ஓர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரிட்டிஷ் மக்களை வருமானப்படி ஆறு குழுவாகப் பிரித்து, அவரவர் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். ரொட்டியும் உருளைக்கிழங்கும் ஆறு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. பால், முட்டை, பழம், காய், இறைச்சி, மீன் மட்டும் வருமானம் ஏற ஏற ஏறிக்கொண்டே போயின. பிற்பாடு ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்கு முதல் தலைமை இயக்குநராக இருந்ததும், 1949-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியதும் இவர்தான். அந்தக் கணக்கெடுப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் தட்டு கண்ணில் வந்து நின்றது. நடுவில் இருந்த மேடு என்றைக்கும் குறைந்ததில்லை. ஓரத்தில் என்ன இருக்கும் என்பதுதான் அப்பாவின் வேலையைப் பொறுத்து மாறும். அதே உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகத்தில் சுமார் 280 கோடிப் பேருக்குச் சத்தான உணவு கட்டுப்படியாகவில்லை. வயிறு நிறைய முடியாதவர்கள் எண்ணிக்கை இதைவிட மிகவும் குறைவு. இரண்டுக்கும் இடைப்பட்ட கூட்டத்தில்தான் நாங்கள் இருந்தோம்.

சரி, படிப்பு எங்கே வருகிறது?

அப்பா முதல் முறை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தபோது ஒரு அச்சடித்த தாள் கொடுத்திருந்தார்கள். என்ன சாப்பிடலாம், கூடாது என்று இரண்டு கட்டம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்காதான் உரக்கப் படித்தாள். 'நார்ச்சத்து மிகுந்த உணவுகள்' என்ற இடத்தில் அம்மா நிறுத்தி, "அப்படின்னா என்னடி?" என்று கேட்டாள். அக்காவுக்கும் தெரியவில்லை. "ஏதோ சத்துமா" என்றாள். தாளை மடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவைத்தார்கள். அதிலிருந்து எல்லோருக்கும் புரிந்த ஒரே விஷயம், தானியத்தைக் குறைக்க வேண்டும் என்பது. அப்பா பாதியாகக் குறைத்தார். குறைத்த இடத்தில் எதை வைப்பது என்று தெரியாததால் அந்த இடம் காலியாகவே இருந்தது. பசித்தபோது டீ குடித்தார், சர்க்கரை போட்டு. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அடுத்த முறை அவருக்குத் திட்டு விழுந்தது. கேட்கத்தான் செய்தார், மனிதர்.

பல வருடம் கழித்து, வேறொரு மருத்துவரிடம் நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். போவதற்கு முன் மூன்று நாள் அப்பா சாப்பிட்டதையெல்லாம், டீ உட்பட, அளவோடு ஒரு நோட்டில் எழுதினேன். அதைக் காட்டி, "இவர் சாப்பிடறது இவ்வளவுதான். வீட்ல வாங்க முடியறதும் இவ்வளவுதான். இதுக்குள்ள எதை மாத்தலாம்?" என்று கேட்டேன். மருத்துவர் பேனாவை எடுத்து மூன்று இடத்தில் வட்டம் போட்டார். டீயில் சர்க்கரை நிற்கட்டும், அதுதான் முதல். தானியம் ஒரு கரண்டி குறையட்டும், அந்த இடத்தில் பருப்போ பயறோ ஒரு கரண்டி ஏறட்டும். ராத்திரிச் சாப்பாடு இரண்டு மணி நேரம் முன்னால் வரட்டும். இரண்டு நிமிடப் பேச்சு. அச்சடித்த தாளால் முடியாத வேலையை அது செய்தது.

என் பட்டப்படிப்பில் நார்ச்சத்தைப் பற்றி ஒரு பாடமும் கிடையாது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் கூச்சமில்லாமல் இரண்டாவது கேள்வி கேட்கலாம் என்ற துணிச்சல் அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வந்தது. படிப்பு சாப்பாட்டை மாற்றும் வழிகளில் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது உணவுக் கட்டுப்பாடு சொல்லப்பட்டிருந்தால், மூன்று நாள் கணக்கை எழுதிக் கொண்டுபோங்கள். 'எதைச் சாப்பிடக் கூடாது' என்ற கேள்வியோடு நிறுத்தாமல், 'அந்த இடத்தில் எதை வைப்பது' என்றும் கேளுங்கள்.

இப்படியெல்லாம் சொல்கிறவன் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பான் என்று நினைக்க வேண்டாம். என் வாழ்க்கையிலேயே மோசமாகச் சாப்பிட்டது, முதன்முதலில் நல்ல சம்பளம் வாங்கிய மூன்று வருடம்தான். சின்ன வயதில் எதெல்லாம் எட்டாமல் இருந்ததோ அதெல்லாம் ஒரு போன் தட்டலில் வந்தது. போக்குவரத்தோடு சேர்த்துப் பதினொரு மணி நேரம் வெளியே. ராத்திரி பத்து மணிக்கு வந்து வெங்காயம் உரிக்க யாருக்கு மனசு வரும்? பொரித்தது, சீஸ் போட்டது, கூட ஒரு குளிர்பானம். ஒன்பது கிலோ ஏறினேன். அலுவலகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 286 என்று வந்தது. 150-க்குள் இருக்க வேண்டியது. காசும் இருந்தது, படிப்பும் இருந்தது, அடுப்படியில் நிற்க நேரம் மட்டும் இல்லை.

பிறகு படித்த ஒரு ஆய்வு எனக்கு ஆறுதலாகவும் பயமாகவும் இருந்தது. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு இருபது பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் எளிமையாகச் சமைத்த உணவும் கொடுத்தது. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் சமமாக வருமாறு பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்தியதைச் சாப்பிட்ட வாரங்களில் அதே ஆட்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆக, அந்த மூன்று வருடம் என்னிடம் கட்டுப்பாடு இல்லை என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

வருமானம் ஏறினால் தட்டு தானாகச் சீராகும் என்பதும் இதனால்தான் சரியில்லை. பல நாடுகளில் காசு வர ஆரம்பித்ததும் முதலில் ஏறுவது எண்ணெய், சர்க்கரை, இறைச்சி. உடம்பு ஏறுவது வசதியானவர்களுக்கு. நாடு பணக்காரநாடு ஆன பிறகு அது தலைகீழாகிறது: வசதியானவர்கள் இளைக்கிறார்கள், பருமன் ஏழைகள் பக்கம், அதிலும் பெண்கள் பக்கம், நகர்கிறது. எங்கள் குடும்பம் இந்த மொத்த வரலாற்றையும் ஒரே தலைமுறையில் நடத்திக் காட்டிவிட்டது.

இப்போது அக்கா வீட்டுச் சண்டை.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போயிருந்தேன். அக்காவுக்கு சனிக்கிழமைதான் கூலி. பிள்ளைகள் இருவரும் பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் அன்றைய ராத்திரிச் சாப்பாடு என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நான் அப்போதுதான் டிரைகிளிசரைடைக் குறைத்துத் திருந்தியவன். திருந்தியவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. "என்னக்கா இது, வெறும் மைதாவும் சர்க்கரையும். இதே காசுக்கு ஒரு கட்டு கீரை, ரெண்டு முட்டை வாங்கலாமே. கொஞ்சம் விவரமா இருக்க வேணாமா?" என்றேன்.

அக்கா பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எட்டு மணிக்கு வீட்டுக்கு வரேன். கீரையை ஆய்ஞ்சு, மண்ணு போகக் கழுவி, வேகவைக்கறதுக்குள்ள சின்னது தூங்கிடும். எழுப்பி ஊட்டினா துப்பும். நீ தினம் வந்து ஆய்ஞ்சு குடுடா, நான் சமைச்சுப் போடறேன்."

நான் விடவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் சொல்கிறது என்றேன். அவள் மனக்கணக்கில் கெட்டிக்காரி, பீஸ் கணக்கில் வேலை பார்ப்பவள். அம்மாவையும் சேர்த்து அந்த வீட்டில் ஐந்து பேர். "அப்ப வாரத்துக்குப் பதினாலு கிலோ. தூக்கிட்டு வந்து எங்கடா வைக்கறது, கட்டிலுக்கு அடியிலயா?" அப்போது அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.

கிளம்பும்போது வாசலில் வைத்து, கோபமெல்லாம் போன குரலில் இன்னொன்று சொன்னாள். "இதுங்க எதைக் கேட்டாலும் இல்ல இல்லன்னுதான் சொல்றேன். சைக்கிள் கேட்டா இல்ல, டூருக்குப் பேர் குடுக்கவான்னா இல்ல. பிஸ்கட் ஒண்ணுதான் கேட்ட உடனே வாங்கித் தர முடியற சாமான்."

நான் இதைப் பற்றிப் படித்த எந்த ஆய்வும் அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டவில்லை.

ஆனால் படித்தேன், அதுதான் எனக்குத் தெரிந்த வழி. இரண்டு விஷயம் மனதில் நின்றது. ஒன்று, அமெரிக்காவில் அரசின் உணவு உதவி வாங்கும் குடும்பங்கள் பற்றிய 2005 ஆய்வு. உதவி கைக்கு வந்த நாளிலிருந்து மாதக் கடைசிக்குள் அவர்கள் உட்கொள்ளும் கலோரி 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிடுகிறது. அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் உள்ள தூரம் அது. இன்னொன்று, 2013-இல் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு. அறுவடைக்கு முன்னால் கை இறுக்கமாக இருக்கும்போதும், அறுவடைக் காசு வந்த பிறகும் அதே ஆட்களுக்கு அதே மாதிரியான மூளைப் பயிற்சிகளைக் கொடுத்தார்கள். காசு வந்த பிறகு தெளிவாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. கவலை பிடித்து வைத்திருந்த இடம் காலியானது, அவ்வளவுதான். 'விவரம் பத்தாது' என்று நான் நினைத்தது வியாழன், வெள்ளிக்கிழமை அக்காவை. சனிக்கிழமை ராத்திரி அக்காவுக்கு என்னைவிட விவரம் அதிகம்.

கடையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் எல்லாம் சரியாகும் என்ற யோசனையும் அவ்வளவு தூரம் எடுபடவில்லை. அமெரிக்காவில் வசதி குறைந்த பகுதிகளில் புதிதாகப் பெரிய கடைகள் வந்தபோது மக்கள் வாங்குவதில் பெரிய மாற்றம் இல்லை. வசதியானவர்களுக்குக் கிடைக்கும் அதே பொருளும் விலையும் மற்றவர்களுக்கும் கிடைத்தால்கூட, இரண்டு தரப்பு உணவுத் தரத்துக்கும் உள்ள இடைவெளியில் பத்தில் ஒரு பங்குதான் மூடும் என்று 2019-இல் ஒரு பொருளாதாரக் குழு கணக்கிட்டது. மீதி ஒன்பது பங்கு வாங்குகிறவர்களின் விருப்பத்தில் இருக்கிறது என்றார்கள். எனக்கு அந்த 'விருப்பம்' என்ற சொல்தான் இடிக்கிறது. பீட்ரூட்டைத் திரும்ப வாங்காதது அம்மாவின் விருப்பமா?

அடுத்த முறை அக்கா வீட்டுக்குப் போனபோது அறிவுரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். நாங்கள் வீடு மாறியதில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று மிச்சமானது, அதைக் கொண்டுபோய் வைத்தேன். என் மனைவி ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று வாங்கினாள். இந்த இரண்டும் செய்த வேலையில் கால்வாசியைக்கூட என் பேச்சு செய்திருக்காது. பயறு எப்போதும் காசுக்கு ஏற்ற புரதம்தான், அக்காவுக்கும் தெரியும். ஆனால் அது வேக ஒரு மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும். எரிபொருளுக்கும் காசு, நிற்பவளுக்கும் கால் வலி. இப்போது காலையில் கிளம்பும்போது ஊறப்போட்டுவிட்டுப் போகிறாள். எட்டு மணிக்கு வந்து குக்கரில் ஏற்றினால் புடவை மாற்றி முகம் கழுவுவதற்குள் வெந்துவிடுகிறது.

சனிக்கிழமை வாங்கும் முறையை அவளே மாற்றினாள், நான் இல்லை. காசு கைக்கு வந்ததும் முதலில் சீக்கிரம் கெட்டுப்போகாத நல்ல சாமான்: பருப்பு, பயறு, நிலக்கடலை, முட்டை. அப்புறம் வாரம் முழுக்கத் தாங்குகிற காய்: முட்டைக்கோஸ், கேரட், பூசணி. கீரையும் தக்காளியும் சனி, ஞாயிறுக்கு மட்டும். வெள்ளிக்கிழமைக்கென்று நாலு முட்டையை ஃபிரிட்ஜில் தனிக் கிண்ணத்தில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. வாரக்கூலி வீடுகளில் சத்து குறைவது பெரும்பாலும் கடைசி இரண்டு நாளில்தான். அந்த இரண்டு நாளுக்கு முதல் நாளே ஒதுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதை எந்த ஊட்டச்சத்துப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

புதுக் காய் பழக்குவதற்கும் ஒரு வழி கிடைத்தது. அரைக் கிலோ வாங்கினால்தான் தோல்வி அரைக் கிலோ. நான் எங்கள் வீட்டில் சமைக்கும் நாளில் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு போவேன், பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பும் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு ஸ்பூன் மட்டும் வைப்போம். துப்பினால் ஒரு ஸ்பூன்தான் நஷ்டம், அதுவும் என் கணக்கில். அக்கம்பக்கத்து வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு காயைப் பங்குபோட்டு வாங்கினாலும் இதே பலன்.

பாக்கெட்டுகளில் இருக்கும் எழுத்தை வாசிப்பதில்தான் என் படிப்பு உண்மையில் உதவியது. அதுவும் நான் அக்காவுக்குச் சொல்லி இல்லை, அக்கா மகளுக்குச் சொல்லி. அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று விஷயம் மட்டும் சொன்னேன். சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் எடையில் அதிகம். முதல் மூன்றைப் பார்த்தால் போதும். 'ஒரு பரிமாறலுக்கு' என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு 100 கிராமுக்கு என்ன என்று பார். கம்பெனிக்காரன் சொல்லும் பரிமாறல் அளவில் யாரும் நிறுத்துவதில்லை. சர்க்கரை கிராமை நாலால் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு, சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு. டெக்ஸ்ட்ரோஸ், கார்ன் சிரப் என்று எந்த வேஷத்தில் வந்தாலும் அது சர்க்கரைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு என்றும்.

அவள் அதைக் கணக்குப் பாடமாக எடுத்துக்கொண்டாள். அரை லிட்டர் குளிர்பான பாட்டிலை எடுத்தாள். 100 மில்லிக்கு 10.6 கிராம் என்று இருந்தது, மொத்தம் 53. அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து, கண்ணாடி டம்ளரில் ஒவ்வொரு ஸ்பூனாகப் போட ஆரம்பித்தாள். ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே போனாள். அக்கா தைப்பதை நிறுத்திவிட்டாள். பதிமூன்றில் நின்றபோது டம்ளரில் மூன்று விரல் உயரத்துக்குச் சர்க்கரை.

"இதை டீயில போட்டா வாயில வைக்க முடியுமா?" என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

அன்றோடு நிறுத்திவிட்டார்கள் என்று எழுதினால் பொய். வாரத்துக்கு நாலு பாட்டில் வாங்கிய வீட்டில் இப்போது ஒன்று. என் வீட்டிலும் அந்த டம்ளர் புண்ணியத்தில் 'ஆரோக்கியமான காலை உணவு' என்று நாங்கள் நம்பி வாங்கிக்கொண்டிருந்த சீரியல் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். 100 கிராமில் 28 கிராம் சர்க்கரை. ஏழு ஸ்பூன். பட்டம் வாங்கிய இரண்டு பேர் நாலு வருடமாக அதைப் பிள்ளைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பெட்டியின் முன்பக்கம் படிப்பதற்குப் பள்ளிக்கூடம் போதும், பின்பக்கம் படிப்பதற்குச் சந்தேகம் வேண்டும்.

இதை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாமா வந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மை. சிலியில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமுள்ள பாக்கெட்டுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். வகுத்தல், பெருக்கல் ஒன்றும் தேவையில்லை, முத்திரை எத்தனை என்று எண்ணினால் போதும். கூடவே குழந்தைகளுக்கான விளம்பரங்களுக்கும் பள்ளிக்கூட விற்பனைக்கும் கட்டுப்பாடு போட்டார்கள். முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்குவது கணிசமாகக் குறைந்தது. படிப்பு செய்ய வேண்டிய வேலையைச் சட்டம் செய்தால் எட்டாம் வகுப்புக்கும் பட்டத்துக்கும் இடையில் உள்ள தூரம் கடைக்குள்ளாவது குறையும்.

போன வருடம் அக்காவுக்குப் பீஸ் கணக்கு போய் மாதச் சம்பளம் வந்தது; லைன் மேற்பார்வை வேலை. தொகை பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆனால் இத்தனாம் தேதி இவ்வளவு வரும் என்பது நிச்சயம். வெள்ளிக்கிழமை முட்டைக் கிண்ணம் இப்போது சாதாரண முட்டைக் கிண்ணமாகிவிட்டது.

போன வாரம் போன் பண்ணினாள். ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் பிய்ந்துவிட்டது, எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான். நடுவில், "அதுல கீரை அரைக்கட்டு வாடிப் போச்சுடா, கொட்டிட்டேன். பரவால்ல, நாளைக்கு வேற வாங்கிக்கலாம்" என்றாள். நான் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. "லைன்ல இருக்கியா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். ரப்பருக்குக் கதவின் அளவை எடுத்து அனுப்பச் சொன்னேன்.